சங்குக் கொட்டகையில் முறை சொன்ன ரோசலின்

செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ். ரோசலினம்மா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள். வாய் நிறைய நுரையோடு நின்றேன். எங்கே வர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, "சார், நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

நுரையைத் துப்பிவிட்டு, "தெரிஞ்சவுக" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் எனக்கே பிடிக்கவில்லை. தெரிந்தவர் என்றால் பால் ஊற்றுகிறவரும் தெரிந்தவர்தான். எதிர்வீட்டு நாய்க்குக்கூட நான் தெரிந்தவன்தான். இருபது வருடத்துக்கு மேல் ஞாயிறு தவறாமல் ஒரே இருட்டில் சேர்ந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சொல் போதாது. வேறு சொல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம், கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பேன், இல்லாவிட்டால் ஒரு இருமல். அவர் என்னை "ஏலே" என்பார். முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களுக்கும் கொரியாக்காரர்களுக்கும் முறை சொன்ன பெண்மணி அவர். அவருக்கு நான் என்ன முறை என்பது மட்டும் கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அந்த உறுத்தலில்தான்.

சங்குக் கொட்டகைக்கு வந்து போனவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. வராதவர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடியில் கடற்கரைக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில், ஒரு காலத்தில் சங்கு மூட்டைகள் அடுக்கி வைத்திருந்த குடோன் அது. ரோசலினுக்கு அப்பா வழியில் வந்த கட்டடம். சங்கு வியாபாரம் கைவிட்டுப்போய் எத்தனையோ காலம் ஆகியும், மழை பெய்தால் சுவரிலிருந்து அந்த வாடை கிளம்பும். மாதா கோயிலில் கழித்துப்போட்ட பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டு, தோணிக்குப் பாய் தைக்கிற துணியில் ஒரு திரை கட்டி, வெளிநாட்டுப் படங்களையும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களையும் அங்கே காட்டினார் ரோசலின். ஞாயிறு சாயங்காலம் ஒரே ஒரு காட்சி. நான் புரொஜெக்டர் பார்த்தேன். இருவரும் ஒரே கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை செய்தவர்கள். மாலுமிகளுக்குக் கரையிறங்குவதற்கான பாஸ் வாங்கித் தருவது அவர் வேலை. எனக்குக் கம்ப்யூட்டர்.

படங்கள் எல்லாம் கப்பலில் வந்தவை. பாஸ் வாங்க வரும் மாலுமியிடம் ஒரு பொட்டலம் மக்ரூனை நீட்டி, "உங்க ஊரு நல்ல படம் ஒண்ணு குடுங்க" என்று அவர் இங்கிலீஷில் கேட்பார். முந்திரிப் பருப்பும் முட்டை வெள்ளையும் சேர்ந்த அந்த மிட்டாயைத் தின்றுவிட்டு இல்லை என்று சொன்ன மாலுமியை நான் பார்த்ததில்லை. முதலில் டிஸ்க்காக வந்தது, பிறகு பென் டிரைவில் வந்தது. கீழே எழுத்து ஓடாத படங்கள்தான் பெரும்பாலும். அதனால் மாலுமியையே உட்காரவைத்துக் கதை கேட்டுக்கொள்வார். அந்த ஆளுக்கும் அரைகுறை இங்கிலீஷ். பாதிக் கதை சொல்லும்போதே கப்பல் புறப்பட நேரமாகிவிடும். பல படங்களின் முடிவு அப்படிக் கப்பலோடு கிளம்பிப் போய்விட்டது.

மீதியை ரோசலின் பார்த்துக்கொள்வார். திரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, கையில் மைக்கோடு உட்கார்ந்து, எல்லாருக்குமாக அவர் ஒருவரே பேசுவார். கோயிலில் வாசகம் வாசித்துப் பழகிய குரல், கடைசிப் பெஞ்சு வரை தெளிவாகக் கேட்கும். ஒன்று மட்டும் கண்டிப்பாக வைத்திருந்தார். திரையில் இருக்கிறவர் பேசி முடிக்கிறவரை இவர் வாயைத் திறக்க மாட்டார். "அவுக வீட்டுக்குள்ள போயிருக்கோம்லே. அவுக பேசி முடிக்கட்டும். நம்ம அப்புறம் பேசுவோம்" என்பார். அதனால் முதலில் புரியாத ஒரு மொழி காதில் விழும். அதன் பின்னாலேயே நம் ஊர்த் தமிழ் வரும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதுபோல ஆகிவிடும். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் அந்த வேற்றுமொழிச் சத்தம் காதில் ஓடும். அர்த்தம் தெரிந்த மாதிரியே இருக்கும், அப்படியே தூங்கிப்போவேன்.

இங்கிலீஷில் ஒரு பெண் ஒரு ஆணைப் பார்த்து "வா" என்றால் வா, அவ்வளவுதான். தமிழில் அது நடக்காது. வா என்பதா, வாங்க என்பதா, வாங்க அண்ணே என்பதா, வாங்க அத்தான் என்பதா? முறை தெரியாமல் நம்மால் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. ரோசலின் வாயைத் திறந்தாலே திரையில் நிற்கிற இரண்டு பேருக்கும் ஒரு உறவு முடிவாகிவிடும். இதில்தான் ஒரு தடவை வசமாக மாட்டிக்கொண்டார்.

கருங்கடல் பக்கத்து நாட்டுப் படம் ஒன்று. ஒரு சின்ன ரயில் நிலையம், பக்கத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு பெண், பல வருடம் கழித்து அவளைத் தேடி வருகிற ஒரு ஆள். கதை சொன்ன மாலுமி அந்த ஆளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "பிரதர், பிரதர்" என்றிருக்கிறான். கப்பலில் சமையல்காரர் முதல் கேப்டன் வரை எல்லாரும் பிரதர்தான். அந்த ஆபீசிலேயே வேலை செய்த ரோசலினுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் அன்றைக்கு என்னவோ மனசில் அண்ணன் என்று விழுந்துவிட்டது. முக்கால் மணி நேரம் அண்ணன் தங்கை பாசத்தை உருகி உருகிப் பேசினார். "ஏண்ணே, இத்தனை வருசம் ஒரு எட்டு வந்து பாக்கணும்னு தோணலையாண்ணே?" என்று அந்தப் பெண்ணுக்காக அவர் கேட்டபோது பெஞ்சில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மீன் விற்கிற அமலி, ஒரு ஞாயிறும் விடாமல் வருகிறவள், வாய்விட்டே அழுதாள்.

அந்த நேரம் பார்த்து அந்த ஆள் ரொட்டிக்கடைப் பெண்ணை இழுத்து அணைத்து வாயில் முத்தம் கொடுத்தான்.

"ஏ மாதாவே!" என்று அமலி போட்ட சத்தத்தில் வெளியே படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. "கூடப்பொறந்தவன் செய்யுத காரியமா இது? நிறுத்துங்கடே படத்த!"

வேறு யாராக இருந்தாலும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். ரோசலின் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். படத்தை நிறுத்தினேன். "அண்ணன் இல்ல, அவ மாப்பிள்ளை. தப்பு எம்மேலதான். ஏலே சுடல, முதல்லருந்து போடு" என்றார். ஒருவரும் எழுந்து போகவில்லை. முதலிலிருந்து ஓட்டினேன். அதே ரயில், அதே ரொட்டிக்கடை. "ஏன் அத்தான், இத்தனை வருசம் ஒரு எட்டு வந்து பாக்கணும்னு தோணலையா?" என்று அதே குரலில் கேட்டார். ஒரே ஒரு சொல்தான் மாறியிருந்தது. கொட்டகையில் இருந்த காற்றே வேறாகிவிட்டது. அமலி இந்தத் தடவை அழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். நான் ஏனோ யார் முகத்தையும் பார்க்க முடியாமல் புரொஜெக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் பேசும் விதமே மாறிவிட்டது. புதுப் படம் என்றால் பாதிவரை முறையே சொல்ல மாட்டார். எப்படியோ சுற்றி வளைத்து, பெயரில்லாமல், விளியில்லாமல் ஓட்டுவார். "முறைய மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிரப்படாதுலே. ஒரு தடவ சொல்லிட்டா பாவம், அந்த ஆளு அதுக்குள்ளயே கெடக்கணும்" என்றார் என்னிடம். எனக்குச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

கொட்டகையின் சுகமே வேறு. ஜன்னல்களில் தார்ப்பாய் கட்டியிருந்தாலும் எங்காவது ஒரு இடுக்கில் கடல் காற்று புகுந்துவிடும். பாய்த்துணியல்லவா, காற்றைக் கண்டால் சும்மா இருக்காது. திரை மெல்ல உப்பி அடங்கும். அதிலிருக்கும் மனிதர்களின் நெற்றியும் கன்னமும் மூச்சு விடும். ஒரு படத்தில் பனி பெய்தது. வெள்ளை வெளேரென்று மேடு மேடாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்து, "எந்த ஊரு அளம் இது, இவ்வளவு உப்பு வெளைஞ்சிருக்கு?" என்று ஒருவர் கேட்டார். ரோசலின் மறுக்கவே இல்லை. "அவுக ஊருல உப்பு மேலருந்து விழும்" என்றார். படம் முடிந்து முத்தையாபுரம் பக்கம் சைக்கிளில் போனேன். மங்கிய வெளிச்சத்தில் சாலையோரம் உப்புக் குவியல்கள் வரிசையாக வந்தன. படம் முடிந்துவிட்டதா இல்லையா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

சாயங்கால மணி அடிக்கும்போது படத்தை நிறுத்தச் சொல்வார். கோயில் மணிக்கும், அதையொட்டி வருகிற பள்ளிவாசல் பாங்குக்கும் சேர்த்து ஒரே நிறுத்தம். திரையில் எந்த முகம் நின்றதோ அது அப்படியே நிற்கும். சிலர் எழுந்து நின்று ஜெபம் சொல்வார்கள். காயல்பட்டினத்து செய்யது காக்கா வெளியே போய்த் தொழுதுவிட்டு வருவார். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவர் அவர். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். மற்றவர்கள் நின்றுபோன முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். பாதி திறந்த வாய், பாதி மூடிய கண். அடுத்து என்ன சொல்லப்போகிறது என்று தெரியாத அந்த முகங்களில் சில இன்னமும் என் கனவில் வருகின்றன.

ஒரு ஆணும் பெண்ணும் வாரா வாரம் இருட்டில் வேலை செய்தால் ஊர் சும்மா இருக்குமா? பேச்சு கிளம்பியது. என் மனைவி காதுக்கும் வந்தது. கொட்டகைக்குத் தவறாமல் வருகிறவள்தான் அவளும். வந்து சொன்னவளிடம், "அந்த மெஷின கட்டிக்கிட்டு அழுத மனுசன யாரு தூக்கிட்டுப் போகப் போறா? போய் ஒன் சோலியப் பாரு ஏளா" என்றாளாம். சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். கூடவே, "ஆனா அவுக உங்களுக்கு யாருன்னு கேட்டா நீங்க முழிப்பீக" என்றும் சொன்னாள். முழிக்கத்தான் செய்தேன். காதலா என்றால், அந்தச் சொல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. இல்லை என்று தள்ளவும் மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தாலே எனக்கு மனசு லேசாகிவிடும். அது மட்டும் நிச்சயம்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குத் தொண்டை கட்டியது. கட்டியது கட்டியபடியே இருந்தது. புற்று என்றார்கள், குரல்வளையை எடுக்க வேண்டும் என்றார்கள். அறுவைக்கு முந்தின நாள் நான் போயிருந்தபோது வார்டு சிஸ்டர் வந்து, "கூட இருக்கது யாரு? என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார். ரோசலின் கரகரத்த குரலில் முந்திக்கொண்டார். "இன்னும் தெரியல சிஸ்டர். படம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு." சிஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, சிரிக்கவும் முடிந்தது. ஆனால் சிஸ்டர் போனதும் ரோசலின் கண் கலங்கினார். "செத்தா சாவுதேன், அது பெரிசில்ல. நான் பேசாட்டா இவுக வருவாகளாலே? கொட்டக ஊமையாயிருமேலே" என்றார். அவர் குரலில் நான் கடைசியாகக் கேட்டவை அவை.

வந்தார்கள். ரோசலின் குணமாகிக் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்த முதல் ஞாயிறு பெஞ்சு நிறைய ஆட்கள். நான் ஒரு புதுப் படத்தைப் போட்டேன். குளிர் தேசம். ஒரு மேசையில் ஒரு கிழவரும் ஒரு வாலிபனும். கிழவர் ஏதோ சொன்னார். வழக்கமாக ரோசலின் குரல் வருகிற இடத்தில் வெறும் காற்று வந்தது. வாலிபன் பதில் சொன்னான். மறுபடியும் அதே காற்று. யாரோ இருமினார்கள். நிறுத்திவிடலாம் என்று கையை வைத்தேன்.

"ஏலே, கஞ்சி குடிச்சியாலே?" என்று இருட்டுக்குள்ளிருந்து கிழவரின் குரலில் அமலி கேட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். திரையில் வாலிபன் வாயசைத்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, "குடிச்சிட்டேன் வாப்பா" என்றார் செய்யது காக்கா. கிழவர் மேசையைக் குத்தினார். "பொய் சொல்லாத, பானை நெறைய அப்படியே கெடக்கு!" என்றாள் அமலி. ரோசலின் கையிலிருந்த சாவிக்கொத்தால் நாற்காலியைத் தட்டினார். தப்பு என்று அர்த்தம். "அப்ப வாப்பா இல்லையா? மாமனாரா?" என்று காக்கா கேட்டார். "மாமனாருதான். மொறைக்கத பாத்தா தெரியலையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அன்று படம் முடிகிறவரை பெஞ்சுகளே பேசின. ரோசலின் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டும், சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்துக்கொண்டும் இருந்தார். பிறகு நான் அவரிடம், "உங்களுக்குத்தான் இந்தக் கதையே தெரியாதே, எப்படித் தட்டினீங்க?" என்று கேட்டேன். தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினார்.

மூன்று வருடம் கொட்டகை அப்படித்தான் நடந்தது. திரையில் யாராவது வாயசைத்தால் எங்கள் ஆட்கள் அதற்கு ஒரு பேச்சு கொடுத்துவிடுவார்கள். போன மாதம் நோய் திரும்பி வந்து அவரை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம்.

புதன்கிழமை அடக்கம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நெருங்கிய சொந்தம் என்று இருந்தது அண்ணன் மகன் ஒருவன், கத்தாரில். அவனால் வர முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும், சொந்தத்தில் ஒருவர் முதல் பிடி மண் போட வேண்டும். சாமியாருக்கு உதவியாக நின்ற உபதேசியார் ஊருக்குப் புதியவர். "சொந்தக்காரங்க யாரு? முன்னால வாங்க" என்றார். யாரும் நகரவில்லை. நான் பின்வரிசையில் நின்றேன். முன்னால் போக எனக்கு ஆசை இருந்தது. ஆசை என்ன ஆசை, அந்த ஒரு பிடி மண்ணை வேறு யாரும் போட்டுவிடக் கூடாது என்று உள்ளுக்குள் தவித்தேன். ஆனால் உபதேசியார் என்ன முறை என்று கேட்பார், என் வாயில் மறுபடியும் தெரிஞ்சவுக என்றுதான் வரும். அதற்குப் பயந்து நின்றேன்.

"இவுக கூட வேலை பாத்தவுக" என்று யாரோ என்னைக் காட்டினார்கள்.

"தம்பி மாதிரி" என்றார் இன்னொருவர்.

"மாதிரின்னா? தம்பியா, இல்லையா?" என்று உபதேசியார் கேட்டார். அவர் மேல் தப்பில்லை, வழக்கத்தைக் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெயில் காதைச் சுட்டது.

அப்போது அமலி குழிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கரகரப்பாக, நன்றாகக் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஏலே சுடல. அங்கன என்னத்துக்கு ஒளிஞ்சிக்கிட்டு நிக்க? நீதாம்லே போடணும். வா."

அமலி அவளாக என்னை ஏலே என்று சொன்னதே கிடையாது. எப்போதும் அண்ணாச்சிதான். அவள் யாருக்காகப் பேசினாள் என்று பெஞ்சுக்காரர்கள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. உபதேசியாருக்குத்தான் புரியவில்லை. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். செய்யது காக்கா அவர் தோளில் கையை வைத்து, "அவுகளே சொல்லிட்டாக. பொறகு என்ன?" என்றார்.

வழி விட்டார்கள். என் மனைவி முதுகில் கை வைத்து லேசாகத் தள்ளினாள். நான் போய்க் குனிந்து மண்ணை அள்ளினேன். கடற்கரை மண், ஈரமாக இருந்தது. கையிலிருந்து போக மறுத்து ஒட்டிக்கொண்டது. உதறாமல் விரலால் வழித்துவிட்டுப் போட்டேன். போடும்போது முதன்முதலாக அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

ரோசலினை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். கொட்டகைச் சாவி அமலியிடம் இருக்கிறது, ஞாயிறுகள் எல்லாருக்கும் பொது. நேற்று ஆஸ்பத்திரிக் கணக்கை முடிக்கப் போயிருந்தேன். போனில் கேட்ட அதே நர்ஸ், அதே கேள்வியைக் கேட்டாள். இந்தத் தடவை நான் முழிக்கவில்லை. "அவுகளுக்கு மொத மண்ணு போட்டவன்மா" என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள்.